ரெண்டு விஎம் நடுவுல தமிழ் உடையுது, உதவுங்க

கடலூர் முதுநகர்ல இருந்து எழுதுறேன். துறைமுகத்து மீன் விலை சொல்ற சாட்பாட் ஒண்ணு பைத்தான்ல செஞ்சிருக்கேன். விர்ச்சுவல்பாக்ஸ்ல ரெண்டு விஎம் (ஒரு கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற மெய்நிகர் கம்ப்யூட்டர்), ரெண்டும் உபுண்டு 22.04, ஒண்ணுல பாட், இன்னொண்ணுல விலைப் பட்டியல். நடுவுல டேட்டா போக வர டிசிபி சாக்கெட் இணைப்பு.

சின்ன பதில் ஒழுங்கா வருது. பட்டியல் நீண்டா 'நெத்திலி'யில 'நெத்தி' மட்டும் வந்து, பக்கத்துல டைமண்டுக்குள்ள கேள்விக்குறி. பத்து நாளா இந்தக் கூத்து.

முதல்ல நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டு, விஎம் நெட்வொர்க் மோடை நாட்ல (NAT) இருந்து பிரிட்ஜுக்கு மாத்தினேன். வீண் வேலை. எழுத்தை பைட்டா மாத்துற முறை ரெண்டு பக்கமும் யூடிஎஃப்-8தான். அப்புறம்தான் உறைச்சுது: தமிழ்ல ஒரு குறிக்கு 3 பைட், நான் 1024 பைட்டா வாங்கி அப்பவே டீகோட் பண்றேன் (திரும்ப எழுத்தாக்குறேன்), குறி நடுவுல வெட்டுப்படுது. 4096 ஆக்கினேன், குறைஞ்சுது, போகல. அரைகுறை பைட்டை அடுத்த துண்டு வர்ற வரைக்கும் பிடிச்சு வைக்கிற இன்க்ரிமென்டல் டீகோடர் போட்டதும் கேள்விக்குறி ஒழிஞ்சுது.

இப்ப வேற தலைவலி. ரெண்டு பேர் அடுத்தடுத்து கேட்டா, பதில் ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒரே ஆளுக்குப் போகுது. நேத்து வஞ்சிரம் கேட்டவருக்குச் சங்கரா விலையும் சேர்ந்து போச்சு. அவர் பாட்கிட்டயே பேரம் பேச ஆரம்பிச்சுட்டார்! பட்டியலுக்குள்ளயே வரி உடைப்பு இருக்கறதால வெறும் புதுவரியை எல்லையா வைக்க முடியல.

ஒவ்வொரு செய்திக்கும் முன்னால 4 பைட்ல நீளத்தை அனுப்புறதா, இல்ல ஜேசானாக்கி (உள்ள இருக்கற வரி உடைப்பை \n-னு எழுதிடுற டேட்டா வடிவம்) வரிக்கு ஒண்ணா அனுப்புறதா, எது பிரச்சனையில்லாம ஓடும்?