மறு: ஆர்ட்டிமிசினின் கட்டுரைக்குப் 'பகுதி எதிர்ப்பு' சரிதானா?

குழுவினருக்கு வணக்கம்.

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் பற்றிய உலக ஆய்வுப் போக்குக் கட்டுரையில், மருந்து போட்டும் மலேரியா ஒட்டுண்ணி மெதுவாகவே சாகும் நிலைக்குப் 'பகுதி எதிர்ப்பு' போதும் என்று பலர் சொல்லிவிட்டீர்கள். எனக்கு ஒப்பவில்லை. சேலத்தில் என் வகுப்பில் அந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தேன். "அப்போ பாதிப் பேருக்குக் காய்ச்சல் மாத்திரைக்குக் கேட்காதா சார்?" என்றாள் ஒரு மாணவி. யாருக்கும் அப்படித்தான் படும்.

நடப்பது வேறு. சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்று செரிக்கிறது. அதிலிருந்து வரும் இரும்புதான் ஆர்ட்டிமிசினினின் பெராக்சைடு பாலத்தை (இரண்டு ஆக்சிஜன் அணுக்களின் பிணைப்பை) உடைத்து மருந்தை வேலை செய்ய வைக்கிறது. 'கெல்ச்13' மரபணு மாறிய ஒட்டுண்ணி, வளையப் பருவத்தில், அதாவது சிவப்பணுவுக்குள் புகுந்த தொடக்க நிலையில், ஹீமோகுளோபினைக் குறைவாகவே உட்கொள்கிறது. மருந்து தூண்டப்படுவதும் குறைகிறது. மருந்தோ சில மணி நேரத்தில் இரத்தத்தைவிட்டுப் போய்விடும். அதுவரை ஒட்டுண்ணி அரைப்பட்டினி கிடந்து பிழைத்துக்கொள்கிறது. இதில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது? தாக்குப்பிடிப்புதான் இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை 'மருந்துத் தாக்குப்பிடிப்பு'. ஆர்ட்டிமிசினினோடு சேர்த்துத் தரும் துணை மருந்தும் கைவிட்டுக் காய்ச்சல் திரும்பினால் அது 'சிகிச்சைத் தோல்வி'. கம்போடியாவில் பிப்பெராகுயின் என்ற துணை மருந்தும் கைவிட்டபோது நடந்தது அதுதான். இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

'தாங்குதிறன்' வேண்டாம். நோயாளியின் உடம்பு மருந்தைத் தாங்குவதற்கு அது ஏற்கெனவே வழங்குகிறது.

சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம், கட்டுரையில் அதுதான் திரும்பத் திரும்ப வரும். மலேரியா மருந்து தேடி 1967இல் சீனாவில் தொடங்கிய 523 திட்டம், அதில் ஆய்வாளர் தூ யூயூ செடியைச் சூடாக்காமல் ஈதரில் சாறு எடுத்தது, 2015 நோபல் எல்லாம் ஒரு பத்தியில் முடிந்துவிடும். 2014இல் கெல்ச்13 அடையாளம் காணப்பட்டபின் வந்த ஆய்வுகளுக்குத்தான் பக்கங்கள் தேவை. இந்தத் தாக்குப்பிடிப்பு பற்றிக் கம்போடியாவில் கிளம்பிய பேச்சு இப்போது ருவாண்டா, உகாண்டா, எரித்ரியா வரை போயிருக்கிறது. (புற்றுநோய்க்கு இம்மருந்து உதவுமா என்பது தனிக் கிளை, அதைத் தொட்டால் கட்டுரை முடியாது.)

அப்புறம், ஆர்ட்டிமிசினின் கிடைக்கும் ஆர்ட்டிமிசியா அன்னுவா செடிக்குச் 'சீன மரிக்கொழுந்து' என்று வைக்கலாமா என ஏற்காட்டு நண்பர் கேட்டிருந்தார். ஒரே பேரினம்தான், பெயரும் அழகு. ஆனால் எங்கள் ஊர்ப் பூக்கடையில் மல்லிகையோடு சேர்த்துக் கட்டித் தரும் மரிக்கொழுந்தை யாராவது கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால்? ஆர்ட்டிமிசியா அன்னுவா இலையையே கஷாயமாகக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. தாவரவியல் பெயரே இருக்கட்டும்.

'தாக்குப்பிடிப்பு' பேச்சுவழக்கு, பாடநூலில் ஏறாது என்பவர்கள் வேறு சொல் தாருங்கள். வினையாகவும் பெயரெச்சமாகவும் அது வளைய வேண்டும். 'தாக்குப்பிடிக்கும் ஒட்டுண்ணி' என்று இப்போதே எழுத முடிகிறது.