பாங்காக்: ஃப்ரா ராம் 9-லிருந்து பேரிங் பள்ளிக்குக் காலை 7:30-க்குள் போக எது சரியான வழி?

கேள்வி
வணக்கம். அடுத்த மாதம் பாங்காக்கில் கணக்கு ஆசிரியராகச் சேர்கிறேன். பள்ளி சுகும்வித் சாலையின் 107-ஆவது சோய்க்குள் (கிளைத்தெரு) 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பக்கத்து ரயில் நிலையம் பேரிங். வீடு ஃப்ரா ராம் 9 எம்ஆர்டி (சுரங்க ரயில்) நிலையம் அருகே பார்த்திருக்கிறேன், இன்னும் முன்பணம் கட்டவில்லை. காலை 7:30-க்குள் போகணும், மாலை 4 மணிக்கு விடுவார்கள். தினமும் டாக்ஸி சரிப்படுமா, ரயில்தானா? தாய்லாந்து மொழி சுத்தமாகத் தெரியாது.

பதில் 1
காலையில் டாக்ஸியை நம்பாதீங்க. மீட்டர் 35 பாத்தில் தொடங்கும், காசு பெரிய விஷயமில்லை. நெரிசல் நேரத்தில் பெரிய சந்திப்புகளில் போலீஸ்காரரே கையால் சிக்னல் மாற்றுவார். ஒரு சிவப்பு விளக்கிலேயே பல நிமிஷம் போய்விடும்.

ஃப்ரா ராம் 9-ல் ஏறினால் இரண்டாவது நிலையம் சுகும்வித். அங்கே இறங்கி மேலே ஏறினால் பிடிஎஸ் என்ற மேம்பால ரயில், ஆனால் அந்த நிலையத்தின் பெயர் அசோக். இடம் ஒன்று, பெயர் இரண்டு. சீலோம்–சாலா டேங், சதுசக் பார்க்–மோ சித் இரண்டும் இப்படித்தான். பெயர் தேடியே புதியவர்கள் நின்றுவிடுவார்கள். அசோக்கில் கேஹா (கடைசி நிலையம்) பக்கம் போகும் வண்டி ஏறினால் பத்தாவது நிலையம் பேரிங். காலையில் கூட்டம் ஊருக்குள் வரும், நீங்க வெளியே போறீங்க, அதனால் நெரிசல் குறைவு.

கட்டணம் இரண்டு முறை போகும். எம்ஆர்டியில் விசா, மாஸ்டர்கார்டு தட்டினாலே கதவு திறக்கும். வெளிநாட்டில் தட்டும் வசதியை வங்கி ஆப்பில் முன்பே திறந்து வையுங்க. உள்ளே போக அட்டையைத் தட்டிவிட்டு வெளியே வர போனைத் தட்டாதீங்க. ஒரே கணக்காக இருந்தாலும் இயந்திரத்துக்கு அவை இரண்டு அட்டை, கதவு திறக்காது. பிடிஎஸ்ஸுக்கு ரேபிட் (Rabbit) கார்டு என்ற பயண அட்டை வாங்கணும், கவுண்டரில் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

பதில் 2
முன்பணம் கட்டவில்லை என்றால் வீட்டையே மாற்றுங்க என்பேன். ஒன் நட், புன்னவிதி, உதோம் சுக் மூன்றும் பேரிங் போகும் அதே பாதையில் இருக்கின்றன. மாறி ஏறும் வேலையே இல்லை. நடை, படி, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒரு மாற்றம் கால் மணி நேரத்தைத் தின்றுவிடும்.

விளம்பரத்தில் "நிலையத்திலிருந்து 500 மீட்டர்" என்று போட்டிருந்தால் வரைபடத்தில் நடைபாதையைப் போட்டுப் பாருங்க. பல சோய்கள் முட்டுச்சந்து. நடுவில் ஒரு கால்வாய் இருந்தால் 500 மீட்டர் ஒன்றரை கிலோமீட்டர் ஆகும். சோய் எண்ணும் ஏமாற்றும். சுகும்வித்தில் ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம், ஆனால் எண்கள் நேருக்கு நேர் வராது. தோங் லோ நிலையம் அருகே 55-ஆவது சோய்க்கு எதிரே இருப்பது 38.

பதில் 3
கடைசி 2 கிலோமீட்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! வெயிலில் நடந்து போனால் முதல் பீரியடுக்கு முன்பே சட்டை நனைந்துவிடும். சோய் முனையில் ஆரஞ்சு மேலாடை போட்ட பைக் டாக்ஸிக்காரர்கள் நிற்பார்கள். அந்த ஸ்டாண்டுக்கு 'வின்' என்று பேர். கட்டணம் பலகையில் இருக்கும். 20 பாத் நோட்டுகள் கையில் இருக்கட்டும், காலையில் 1000 பாத் நோட்டுக்குச் சில்லறை கிடைக்காது. ஹெல்மெட் கேட்டு வாங்குங்க. இடது பக்கமாகவே ஏறி இறங்குங்க. சைலன்ஸர் வலது பக்கம் இருக்கும், கெண்டைக்காலைச் சுட்டுவிடும். கார்களுக்கு நடுவே நுழையும்போது முழங்காலை உள்ளே ஒடுக்கிக்கொள்ளுங்க. 'லியோ சாய்' இடது, 'லியோ க்வா' வலது, 'த்ரோங் பை' நேரே, 'ஜோத்' நிறுத்து. இந்த நாலு வார்த்தை போதும். பள்ளி முகவரியைத் தாய்லாந்து எழுத்தில் படமாகப் போனில் வைத்திருங்க.

கேட்டவர்
ரொம்ப நன்றி. உதோம் சுக்கில் வீடு தேடுகிறேன். மாலையிலோ மழையிலோ மட்டும் டாக்ஸி பிடித்தால்?

பதில் 3
4 மணி என்பது டாக்ஸிக்கு மோசமான நேரம். ஷிப்ட் மாறும், வண்டியைத் திருப்பி ஒப்படைக்கணும், அதனால் எதிர்த் திசை என்றால் ஏற்ற மாட்டார்கள். கண்ணாடியில் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் காலி வண்டி. செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டினால் சோயில் தண்ணீர் நிற்கும், பைக்கும் குறையும். பையில் ஒரு ரப்பர் செருப்பு வையுங்க. அரை மணி நேரம் பள்ளியிலேயே இருந்துவிட்டுக் கிளம்புவது மேல். ஒருவேளை 6 மணிக்கு நிலையத்தில் இருக்க நேர்ந்தால் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் அப்படியே நில்லுங்க.