கீர்கங்கா வெந்நீர் ஊற்று: சமதளத்துல இருக்கிறவங்க எப்படித் தயாராகிறது?

குடந்தைக்காரன்:
கும்பகோணத்துல இருந்து நாலு பேர், அக்டோபர் முதல் வாரம் இமாச்சல் கீர்கங்கா போறோம். எல்லாரும் நாற்பதைத் தாண்டினவங்க, ஒருத்தர் பிரஷர் மாத்திரை சாப்பிடுறார். ஏறிப் பழக நம்ம பக்கம் மலை ஏது? பயிற்சி, வழி, ஊற்றுல எவ்வளவு நேரம் இருக்கலாம், எல்லாம் சொல்லுங்க.

ஐயாறு தம்பி:
அண்ணா, காவிரிக் கரையில தினம் எட்டு கிலோமீட்டர் நடந்தா மூச்சு பழகும், தொடை பழகாது. எட்டு வாரம் முன்னாடியே மாடிப்படியைப் பிடிங்க. முதுகுப்பையில ரெண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூணு, இருபது நிமிஷம் ஏறி இறங்கணும். வாரா வாரம் கூட்டி முக்கால் மணி நேரத்துக்குக் கொண்டு வாங்க. முழங்கால் வலிச்சா தண்ணியைக் கொட்டிட்டு இறங்கலாம், அதனாலதான் பாட்டில். கிளம்புறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி கொல்லிமலை ஆகாய கங்கை போய் வாங்க. ஆயிரத்துக்கு மேல படி, இறக்கம் முதல்ல, களைச்ச பிறகு ஏற்றம்.

ஷூவைப் புதுசா மலைக்குக் கொண்டு போகாதீங்க, ஒரு மாசமாவது போட்டு நடந்திருக்கணும். கட்டைவிரலுக்கு முன்னாடி ஒரு விரல் இடம் வேணும். இல்லேன்னா இறக்கத்துல நகம் முட்டி ரத்தம் கட்டிரும். ஏறுறதுக்கு முதல் நாளே நகத்தை ஒட்ட வெட்டிடுங்க.

மாயூரம் மலைப்பித்தன்:
வழி: புந்தர், கசோல், மணிகரண், பர்ஷேனி வரை பேருந்து. அங்கிருந்து நடை, ஒரு வழி சுமார் 12 கி.மீ. கீர்கங்கா உயரம் சுமார் 2,950 மீட்டர். டெல்லியில இருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கின அன்னைக்கே ஏறாதீங்க. கசோலிலோ பர்ஷேனி பக்கத்துல இருக்கிற கல்கா கிராமத்துலயோ ஒரு ராத்திரி தங்கினா உடம்பு உயரத்துக்குக் கொஞ்சம் பழகும். ஏறும்போது தலைவலியோட வாந்தியும் வந்தா மேல போகக்கூடாது, இறங்கணும்.

நக்தான் கிராமம் வழியே போங்க. வெயில் இருக்கும், ஆள் நடமாட்டம் உண்டு. ருத்ரநாக் அருவி தாண்டி பார்வதி ஆற்றுப் பாலத்தைக் கடந்தா காட்டுக்குள்ள செங்குத்து ஏற்றம். கல்கா வழி அழகுதான், ஆனா முழுக்கக் காடு, கிளைப்பாதை பிரியும். அந்தப் பள்ளத்தாக்குல தனியா போய்க் காணாமப் போனவங்க உண்டு, பிரிஞ்சு நடக்காதீங்க. காலை எட்டுக்குள்ள கிளம்பினா ஐந்தாறு மணி நேரத்துல மேல. 2018ல மேல பயணிகள் தங்குற கூடாரங்களை அகற்றினாங்க. தங்க அனுமதி இருக்கான்னு பர்ஷேனியிலேயே கேட்டுக்குங்க.

வெந்நீர் அக்கா:
குளியலைப் பத்தி யாரும் சொல்லலையே, ஆபத்தே அங்கதான். வியர்வையோட போய் இறங்காதீங்க. அரை மணி உட்கார்ந்து, தண்ணி குடிச்சிட்டு, முதல்ல காலை மட்டும் நனைங்க. பத்து நிமிஷம் போதும். சூட்டுல ரத்தக்குழாய் விரிஞ்சு பிரஷர் இறங்கும். சட்டுன்னு எழுந்தா கண்ணு இருட்டி கல்லுமேல விழுவோம். கரையில ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துதான் எழுந்திருக்கணும். பிரஷர் மாத்திரை சாப்பிடுறவர் டாக்டர்கிட்ட கேட்காம இறங்கவே வேண்டாம், மாத்திரையைத் தானா நிறுத்தவும் கூடாது.

தலையை முக்காதீங்க. இதுபோன்ற வெதுவெதுப்பான தண்ணியில மூளையைத் தாக்கும் அமீபா இருக்கலாம், அது மூக்கு வழியாத்தான் ஏறும். வெள்ளி நகையைக் கழட்டிடுங்க, கந்தகம் இருந்தா கறுக்கும். வழியில மணிகரண் வெந்நீர் ஊற்றுல தண்ணி கொதிநிலையை ஒட்டியே இருக்கும், விரல் விட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம்.

கரை ஏறினதும் ஈரப் பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிரும். உலர்ந்த துணியும் கம்பளித் தொப்பியும் கைக்கெட்டுற தூரத்துல, பிளாஸ்டிக் பையில கட்டி வையுங்க.

குடந்தைக்காரன்:
நன்றி அக்கா, முதல்ல அவரை டாக்டர்கிட்ட அனுப்புறேன். பொன்னி அரிசி கொண்டு போய் மேல பொங்கிக்கலாமா?

வெந்நீர் அக்கா:
அந்த உயரத்துல தண்ணி 90 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிரும். குக்கர் இல்லாம வடிச்சா சோறு நடுவுல விறைப்பா நிக்கும், கேஸும் வீண். அவலும் புளிக்காய்ச்சலும் எடுத்துக்குங்க, வெந்நீர் ஊத்தினா போதும். மணிகரண் குருத்வாராவுல (சீக்கியர் கோயில்) லங்கர், அதாவது இலவசச் சாப்பாடு உண்டு, அங்க ஒரு வேளை வயிறார சாப்பிடலாம்.