கம்யூனிட்டி காலேஜ் போயிட்டு மெடிக்கல், பிஹெச்டின்னு அப்ளை பண்ணவங்க உங்க அனுபவம் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். கலிபோர்னியா, பே ஏரியா. நேரா யூசில (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) சீட் கிடைச்சும் வீட்ல கணக்கு போட்டு பாத்துட்டு கம்யூனிட்டி காலேஜ்லயே சேர்ந்துட்டேன், அதாவது ரெண்டு வருஷம் படிச்சுட்டு யூனிவர்சிட்டிக்கு மாறிக்கிற லோக்கல் காலேஜ், கலிபோர்னியாக்காரங்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், அஞ்சு யூனிட் கெமிஸ்ட்ரி 230 டாலரோட முடிஞ்சுது. திருநெல்வேலி ஆச்சிகிட்ட போன்ல சொன்னா "ஏட்டி, கம்யூனிட்டி காலேஜ்னா சாதி சர்டிபிகேட் கேப்பானா, தாத்தாவ தாசில்தார் ஆபீசுக்கு அனுப்பட்டா"ங்கிறாங்க. ஆச்சியாவது பரவால்ல, லிவர்மோர் கோயில் கேன்டீன் லைன்ல ஒரு ஆன்ட்டி "எந்த காலேஜ்மா"ன்னு கேட்டு, சொன்னதும் "ஓ... ட்ரான்ஸ்பர் பண்ணிக்கலாம்ல"ன்னு என் முகத்த விட்டுட்டு புளியோதரைய பாத்து சொன்னாங்க.

ஆனா படிப்பு சூப்பர். ஆர்கானிக் லேப் சாயங்காலம் ஆறு மணிக்கு, மொத்தமே 24 பேர், லேப் பாத்துக்க டிஏன்னு சீனியர் ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் கிடையாது, சாரே நிப்பாரு. ஒரு நாள் ரீகிரிஸ்டலைசேஷன், அதாவது கரைச்சத திரும்ப படிகமாக்கணும், ஃபிளாஸ்க்க ஐஸ்ல வச்சு அரை மணி நேரமா வெறிச்சு பாத்துட்டு இருக்கேன், ஒண்ணும் இறங்கல. சார் வந்து கண்ணாடி குச்சியால உள்பக்கம் லேசா சுரண்டச் சொன்னாரு, ரெண்டு தடவை சுரண்டுனதும் பொசுக்குன்னு வெள்ளை வெள்ளையா ஊசி மாதிரி விழுந்துச்சு பாருங்க! அப்புறம் யூசிக்கு போனா ஒரு லெக்சர்ல 300 பேர், என் பேரு தெரிஞ்சவங்க யாரும் இல்ல. மெடிக்கலுக்கு ஸ்ட்ராங்கான சிபாரிசு லெட்டர் குடுத்தது அந்த சாயங்கால சார்தான்.

அடி வாங்குனது வேற எடத்துல. ஹைஸ்கூல் படிக்கும்போது சும்மா இருக்கட்டுமேன்னு டூயல் என்ரோல்மென்ட்ல, அதாவது ஸ்கூல்ல இருந்துகிட்டே காலேஜ் கிளாஸா, கால்குலஸ் எடுத்து "சி" வாங்கி மறந்தே போயிருந்தேன். ஆம்காஸ்ல (நிறைய மெடிக்கல் ஸ்கூலுக்கு ஒரே எடத்துல அப்ளை பண்ற சர்வீஸ்) அப்ளை பண்றப்ப எந்த காலேஜ்ல ஒரே ஒரு கிளாஸ் படிச்சிருந்தாலும் அந்த ட்ரான்ஸ்கிரிப்ட் போகணும். ரிப்பீட் பண்ணா பழைய கிரேடு போயிடும்னு காலேஜ்ல ஒரு கவுன்சிலர் சொன்னாங்க, காலேஜ் கணக்குல வேணா அப்படி, ஆம்காஸ்ல ரெண்டையும் சேத்துதான் ஜிபிஏ. பதினாறு வயசுல வாங்குன சி அறிவியல் ஜிபிஏல உக்காந்துகிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. ப்ரீ-மெட் ஐடியா இருக்குற பசங்க வீட்ல தயவுசெஞ்சு இத சொல்லி வைங்க.

- - -

நான் பிஹெச்டி சைடு, பிசிக்ஸ். கம்யூனிட்டி காலேஜ்னு ஒரு ப்ரொபசர் கூட மூஞ்சி சுளிக்கல. மனுஷ ஜீனோம் படிச்ச விஞ்ஞானி க்ரெய்க் வென்டரே காலேஜ் ஆஃப் சான் மட்டேயோல ஆரம்பிச்சு யூசி சான் டியேகோல பிஹெச்டி முடிச்சவர்தான். கஷ்டம் என்னன்னா டைம். மூணாவது வருஷம்தான் யூனிவர்சிட்டிக்குள்ள போறோம், எந்த லேப் எங்க இருக்குன்னு தெரியறதுக்குள்ள அடுத்த டிசம்பர் அப்ளிகேஷன் டெட்லைன் வந்து நிக்குது. ரிசர்ச்னு எழுத ஒரு சம்மர் வேலைதான் இருந்துச்சு, அதனால ஒரு வருஷம் லேப்ல டெக்னீஷியனா இருந்துட்டுதான் அப்ளை பண்ணேன். இப்ப சேர்றவங்க சம்மர் ரிசர்ச் ப்ரோக்ராம் எதாவது ட்ரான்ஸ்பருக்கு முன்னாடியே தேடுங்க. அப்புறம் டேக்னு கம்யூனிட்டி காலேஜ்லேந்து யூசிக்கு ட்ரான்ஸ்பர் சீட் கேரண்டி இருக்குல்ல, அது ஆறு யூசிக்குதான், பெர்க்லி, எல்ஏ, சான் டியேகோ அதுல இல்ல, செப்டம்பர்லயே ஃபைல் பண்ணணும், எனக்கு தெரிஞ்ச பையன் நவம்பர்னு நெனச்சு விட்டுட்டான்.

- - -

நான் டெக்சாஸ். ஊர்ல பி.பார்ம் முடிச்சுட்டு கல்யாணமாகி வந்தேன், ரெண்டு குழந்தைங்க. கம்யூனிட்டி காலேஜ்ல பயாலஜி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாம் நைட் கிளாஸ்ல முடிச்சேன், எல்லாத்துலயும் ஏ. சந்தோஷமா ஒவ்வொரு மெடிக்கல் ஸ்கூல் வெப்சைட்டா பாத்தா பல எடத்துல அமெரிக்கா இல்ல கனடால 90 கிரெடிட் வேணும்னு போட்டிருக்கு. என்கிட்ட 41. ஊர் மார்க்ஷீட்ட ஆம்காஸ் வெரிஃபை பண்றதும் இல்ல. அன்னிக்கு ராத்திரி தோசை மாவு பொங்கி வழிஞ்சது கூட தெரியாம உக்காந்திருந்தேன். இப்ப ஒரு யூனிவர்சிட்டில ரெண்டாவது டிகிரி போய்ட்டிருக்கு. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல, மாமியார்தான் "இன்னும் எத்தன வருஷம்மா"ன்னு கேக்குறாங்க, நியாயமான கேள்விதான்.

- - -

அக்கா, அந்த 41-அ உங்க யூனிவர்சிட்டி அப்படியே எடுத்துக்கிட்டாங்களா, இல்ல வெட்டிட்டாங்களா? என் ஃப்ரெண்டோட அண்ணி இதே நிலைமைல வர்ற ஃபால் சேரப் போறாங்க, சொன்னீங்கன்னா இன்னிக்கே போன் பண்ணி சொல்லிடுவேன்.