6–8 வகுப்புக்கு ஓர் அறை: 9×7 மீட்டரில் எதை வைப்பது, எதை விடுவது?

ஏழாம்மணி (கேள்வி)
6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஓர் அறையைப் புதிதாக அமைக்கிறோம். உள்ளளவு 9 மீ நீளம், 7 மீ அகலம், 3 மீ உயரம். 36 பேர். நீளச் சுவர் ஒன்று முழுக்க ஜன்னல். மற்றதெல்லாம் பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. சரிவக வடிவ வண்ண மேசைகள், 75 அங்குல டச் திரை, ஸ்ப்ளிட் ஏசி என்று பட்டியல் தயார். மேசைகளைக் குழுவாகவும் வரிசையாகவும் மாற்றிப் போட முடிய வேண்டும். ஆர்டர் கொடுக்கும் முன் எதைத் திருத்தலாம்?

அளவுநாடா
முதலில் சரிவக மேசையை நீக்குங்கள். படத்தில்தான் அழகு. வரிசையாகப் போட்டால் சாய்ந்த பக்கங்களுக்கு இடையில் முக்கோணமாக இடம் வீணாகும். 70×50 செ.மீ. ஒற்றை மேசைதான் எல்லா வகையிலும் பொருந்தும்.

தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். மேசை 50, நாற்காலியை இழுத்து உட்கார 75. ஒரு வரிசைக்கு 125 செ.மீ. ஆறு வரிசைக்கு 7.5 மீ. பலகைக்கு முன்னால் 2.2 மீ விட்டால் கணக்கு 9.7 மீ ஆகிறது. அறையில் கொள்ளாது. நான்கு மேசைகளை எதிரெதிராகச் சேர்த்து மூன்றுக்கு மூன்று என ஒன்பது குழு போட்டால், நீளவாக்கில் 1.4×3, நடுவில் 90 செ.மீ. வழி இரண்டு, ஆக 6 மீ. முன்னால் 2.2 போக, பின்சுவரில் 40 செ.மீ. ஆழப் பை அலமாரிக்கும் இடம் மிஞ்சும். அகலவாக்கில்தான் இறுக்கம்: மேசைகளுக்கு 3 மீ போனால் ஆறு நாற்காலிப் பக்கங்களுக்குத் தலா 66 செ.மீ. தான். முதுகோடு முதுகாக இருவர் உட்கார்ந்தால் நடுவில் நடக்க ஏறக்குறைய ஒரு சாண் மிஞ்சும். பை தரையில் கிடந்தால் அதுவும் போச்சு. அதனால்தான் அலமாரியை விடாதீர்கள் என்கிறேன். 30 பேர் என்றால் மூச்சு விடலாம். சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வட்டம் காலியாக வேண்டும். கதவருகே ஒரு குழுவைக் குறைத்தால்தான் அது கிடைக்கும்.

அடுத்தது உயரம். எல்லோருக்கும் ஒரே அளவு வாங்குவது இந்த வயதில் பெரிய தப்பு. பெண் பிள்ளைகள் சட்டென வளர்ந்து நிற்பார்கள், பையன்களுக்கு அந்த வளர்ச்சி ஓரிரண்டு வருடம் கழித்து வரும். ஒரே வகுப்பில் 135 செ.மீ. பிள்ளையும் இருக்கும், 165ம் இருக்கும். ஐரோப்பாவின் இஎன் 1729 தரத்தில் சைஸ் 4 என்பது இருக்கை 38, மேசை 64 செ.மீ.; சைஸ் 5 என்பது 43, 71; சைஸ் 6 என்பது 46, 76. காலணியோடு முழங்கால் மடிப்பின் உயரத்தை 36 பேருக்கும் அளந்து, எந்தச் சைஸில் எத்தனை என்று பிரியுங்கள். குழுவாகச் சேரும் நான்கு மேசையும் ஒரே சைஸாக இருக்கட்டும். இல்லையென்றால் நடுவில் படி விழும், தாள் விரிக்க முடியாது.

ஒலிமானி
மேசை, திரை எல்லாவற்றுக்கும் முன்னால் கூரையைக் கவனியுங்கள். கான்கிரீட்டும் டைல்ஸும் சேர்ந்த இந்த அறையில் 36 பேர் குழுவாகப் பேசினால் ஆசிரியர் கத்துவார், பிள்ளைகள் அதற்கு மேல் கத்துவார்கள்.

கணக்கு எளிது. முழக்க நேரம் (எழுந்த ஒலி எதிரொலித்து அடங்கப் பிடிக்கும் நேரம்) = 0.161 × கன அளவு ÷ ஒலியுறிஞ்சும் பரப்பு (பரப்பு × உறிஞ்சுதிறன்). உங்கள் அறை 189 கன மீட்டர். அமெரிக்காவின் ஆன்சி எஸ்12.60 தரம் இந்த அளவு வகுப்பறைக்கு, ஆளில்லாதபோது, 0.6 வினாடியை வரம்பாக வைக்கிறது. அதற்கு சுமார் 51 ச.மீ. உறிஞ்சும் பரப்பு வேண்டும். கூரை 63 ச.மீ.; உறிஞ்சுதிறன் 0.85 உள்ள மினரல் ஃபைபர் தகடு முழுக்கப் போட்டால் 53. விளக்குக்கு வெட்டியது போகக் குறைவதைப் பின்சுவரில் தடித்த ஃபெல்ட் அறிவிப்புப் பலகை ஈடுகட்டும். அந்தச் சுவர் வெறுமையாக இருந்தால் பேச்சு திரும்பி வந்து முன்வரிசையைக் குழப்பும்.

வழக்கமாகக் கெடுவது இங்கே: "ஃபால்ஸ் சீலிங்" என்று சொன்னதும் வழவழப்பான ஜிப்சம் போர்டைப் போட்டுவிடுவார்கள். அது ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். நல்ல தகட்டைப் போட்டுவிட்டு, அழுக்கானதும் மேலே பெயிண்ட் அடித்தால் துளை அடைந்து அதுவும் வீண். முட்டை அட்டை ஒட்டும் யோசனை வந்தால் மறந்துவிடுங்கள். உறிஞ்சுவது சொற்பம், தீப்பிடிக்கும்.

ஏசி பற்றி ஒரு வார்த்தை. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது, உள்ளே இருப்பதையே குளிர்விக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு 36 பேர் உட்கார்ந்தால் கரியமில வாயு 420 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) 1000ஐத் தாண்டக் கால் மணி நேரம்கூடப் பிடிக்காது. மதியப் பாடத்தில் தூங்கி விழுவதற்குச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. வெளிக்காற்று தரும் விசிறி ஒன்று தனியாக வேண்டும். சத்தமில்லாத வகை, ஆளில்லா அறையில் 35 டெசிபலுக்குள்.

செவ்வந்தி
குழு அமைப்பில் ஒரு சிக்கலை அளவுநாடா சொல்லவில்லை: பிள்ளைகள் பலகைக்குப் பக்கவாட்டில் உட்கார்கிறார்கள். நாற்பது நிமிடம் கழுத்தைத் திருப்பி எழுத முடியாது. பாடம் நடத்தும் நேரத்தில் மேசையைத் தொடாமல் நாற்காலியை மட்டும் திருப்பி, மடியில் பரீட்சை அட்டை வைத்து எழுதச் சொல்லலாம். ஆகவே மேசையோடு இணைந்த நாற்காலி வேண்டவே வேண்டாம்.

75 அங்குலத் திரை போதாது. கடைசியில் இருப்பவருக்கும் திரைக்கும் உள்ள தூரம் படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 75 அங்குலத்தின் உயரம் 93 செ.மீ., அதாவது 5.6 மீட்டருக்குத்தான் சரி. உங்கள் கடைசிப் பிள்ளை 7.8 மீட்டரில் இருக்கும். 1.3 மீ உயரப் படம் வேண்டும். பக்கத்திலிருந்தே பெரிய படம் காட்டும் ஷார்ட் த்ரோ புரஜெக்டர்தான் வழி. பளபளக்கும் வெள்ளைப்பலகை மீதே ஒளி பாய்ச்சினால் நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு கண்ணைக் கூசும், பளபளப்பில்லாத தனித்திரை போடுங்கள்.

விளக்கு வரிசைகள் ஜன்னலுக்கு இணையாக ஓடட்டும், ஜன்னலோர வரிசைக்குத் தனி சுவிட்ச். பலகைக்கு மேல் இருப்பதற்கும் தனி சுவிட்ச், இல்லையென்றால் புரஜெக்டருக்காக அறை முழுக்க இருட்டாக்குவார்கள். வெளிச்சம் மேசையில் 300 லக்ஸாவது (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு), பலகையில் 500. எல்இடியை வாங்கும் முன் போனின் ஸ்லோமோஷனில் படம் பிடியுங்கள். பட்டை பட்டையாகத் துடித்தால் திருப்பிக் கொடுங்கள்.

ஏழாம்மணி
நன்றி. சரிவகமும் 75 அங்குலமும் பட்டியலிலிருந்து போயாச்சு. நாற்காலியைத் தினமும் பலமுறை திருப்பினால் டைல்ஸில் கிறீச்சிடுமே? ஃபெல்ட் ஒட்டலாமா?

அளவுநாடா
ஒட்டாதீர்கள். மண் ஏறி உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும், சீக்கிரமே உரிந்தும் விழும். கால் நுனியில் மாட்டும் ரப்பர் புஷ் போடுங்கள். கால் டியூபின் வெளிவிட்டத்தை அளந்து வாங்க வேண்டும், ஒரு மில்லிமீட்டர் பெரிதானாலும் கழன்றுவிடும். உள்ளே இரும்பு வாஷர் பதித்த வகையா என்று விரலை விட்டுப் பாருங்கள். வாஷர் இல்லையென்றால் டியூபின் விளிம்பு ரப்பரை வட்டமாக அறுத்துக்கொண்டு தரைக்கு வந்துவிடும். நூற்றுக்குப் பத்து உபரியாக வாங்கி வையுங்கள், பிள்ளைகள் கழற்றி விளையாடுவார்கள்.