பதினான்கு பக்கப் பயணக் கட்டுரையை வீட்டார்கூடப் படிக்கவில்லை: எங்கே தவறினேன்?

வைப்பாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு பயணமாவது போய்விட வேண்டும் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்து, அதன்படியே போய் வந்துகொண்டிருக்கிறோம். சென்ற தை மாதம் இராமேசுவரத்தில் மூன்று நாள் தங்கி, அதில் ஒரு முழு நாளைத் தனுஷ்கோடியில் கழித்தோம். ஊர் திரும்பிய சூட்டோடு, மதுரையில் ரயில் ஏறியது முதல் வீட்டுக் கதவைத் திறந்தது வரை ஒன்று விடாமல் பதினான்கு பக்கம் எழுதினேன். கோயிலின் மூன்றாம் பிராகாரம், இருபத்திரண்டு தீர்த்தங்கள், புதிய பாம்பன் பாலம், தங்கிய விடுதி, சாப்பிட்ட இட்லி எல்லாமே அதில் உண்டு.

மகள் கைப்பேசியில் இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குப்பா” என்று மூடிவிட்டாள். மைத்துனர் முழுவதும் படித்ததாகச் சொன்னார். ஆனால் படித்து முடித்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, அறை வாடகை எவ்வளவு என்பதுதான். என்னை உறுத்துவது இன்னொன்று. என் மனைவி இதே பயணத்தைத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலையை மறந்து கேட்கிறார்கள். மறுநாள் வேறு இரண்டு பேரை அழைத்து வந்து, “அந்தத் தண்ணிக் கதையச் சொல்லுங்கக்கா” என்கிறார்கள். கடலலை காதில் விழும் தொலைவில் ஒரு மூதாட்டி மணலைத் தோண்டி எங்களுக்குக் குடிநீர் எடுத்துக் கொடுத்ததைத்தான் அவர் சொல்கிறார். என் கட்டுரையிலும் அது இருக்கிறது. பதினோராம் பக்கத்தில், “குடிநீர் வசதி: மணலில் ஊற்றுத் தோண்டி எடுக்கிறார்கள்” என்று ஒரு வரி.

என் தொடக்கப் பத்தியைக் கீழே தருகிறேன். தயவு தாட்சண்யம் பாராமல் குறை சொல்லலாம்.

“இந்தியாவின் தென்கிழக்கில், இயற்கை எழில் கொஞ்சும் பாம்பன் தீவின் கோடியில், 1964ஆம் ஆண்டுப் புயலில் போட் மெயில் ரயிலோடு அழிந்துபோன தனுஷ்கோடி, காண்போர் மனத்தை இன்றும் கனக்கச் செய்கிறது. அரிச்சல்முனையில் நின்றால் இலங்கை கண்ணுக்குத் தெரியும்.”

உப்பளத்துக்காரி எழுதியது:

ஐயா, வணக்கம். விடையை உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துக்கொண்டு எங்களிடம் கேட்கிறீர்கள்.

நீங்கள் பயணத்தை நடந்த வரிசையில் ஒப்புவித்திருக்கிறீர்கள். அம்மாவோ தாம் திகைத்துப்போன இடத்திலிருந்து தொடங்குகிறார். மதுரையில் ரயில் ஏறியதை எல்லோரும் செய்திருக்கிறோம், அதைக் கேட்பதற்கு யாருக்கும் ஆவல் இராது. நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்த மணல்திட்டில் ஒரு கிழவி கையால் குழி பறித்து நல்ல தண்ணீர் எடுக்கிறாள் என்றால், கேட்கிறவர் மனத்தில் உடனே ஐந்தாறு கேள்விகள் எழுந்துவிடுகின்றன. அந்தக் கேள்விகளை எழுப்பிவிட்டு, ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் அவிழ்ப்பதுதான் கதை சொல்வது. அம்மாவிடம் இதை யாரும் கற்பித்திருக்க மாட்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் கற்பித்திருக்கும்.

ஆகவே அந்த ஒரு வரியைப் பற்றி உங்களைக் கேட்கிறேன். குழி எவ்வளவு ஆழம்? முழங்கை அளவா, இடுப்பளவா? தண்ணீர் உடனே ஊறியதா, காத்திருந்தீர்களா? காத்திருந்தபோது அந்த அம்மாள் பேசினாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, அதை வாயில் வைப்பதற்கு முன் நீங்கள் என்ன எண்ணினீர்கள்? உப்புக் கரிக்கும் என்று எண்ணி, மரியாதைக்காக ஒரு மிடறு குடித்தீர்கள் என்றால் அதை மறைக்காமல் எழுதுங்கள். நினைத்தது ஒன்றும் நடந்தது வேறுமாக இருந்த இடத்தில்தான் படிப்பவரும் உங்களோடு சேர்ந்து ஏமாறவும் மகிழவும் முடியும்.

நம் மொழியில் இது புதிய வித்தையும் இல்லை. பெரும்பாணாற்றுப்படை ஐந்நூறு அடி கொண்ட வழிநடைப் பாட்டு. பரிசு பெற்று வந்த பாணன் எதிரே வரும் வறிய பாணனை நோக்கி, இந்த வழியாகப் போனால் இன்னாரைக் காண்பாய், அவர்கள் உனக்கு இன்ன உணவு தருவார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறான். வறண்ட நிலத்து வேட்டுவப் பெண்களான எயிற்றியர் கடப்பாரையால் கரம்பைக் கிளறிப் புல்லரிசி எடுத்து, முற்றத்து நிலவுரலில் குற்றி, உவர்க் கிணற்றில் நீர் முகந்து சமைப்பதைப் புலவர் பாடியிருக்கும் விதத்தில் அந்தப் பெண்களின் கை வேலை செய்வது கண்ணுக்குத் தெரியும். பசித்திருக்கும் ஒருவனைப் பார்த்துச் சொல்வதால் அந்தப் பாட்டில் எதைச் சொல்வது, எதை விடுவது என்ற குழப்பமே இல்லை. நீங்களும் “அனைவருக்கும்” எழுதாமல், போகாத ஒருவருக்கு எழுதுங்கள். உங்கள் மகளுக்கே எழுதலாம்.

மற்றப் பதின்மூன்று பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டாம். ஆனால் அது உங்கள் நாட்குறிப்பு.

பழைய கார்டு எழுதியது:

ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்பதால், மேலே உள்ள பத்தியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலாவது, 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் கொண்டுபோனது போட் மெயிலை அல்ல. அது பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற 653ஆம் எண் பயணியர் ரயில். அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. போட் மெயில் என்பது சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுகரையில் கொழும்புக்கு மறுபடி ரயில் என்று அமைந்திருந்த இணைப்பு. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு அந்தத் தடம் உயிர் பெற்றது. இரண்டையும் குழப்பி எழுதாதவர்களை எண்ணிவிடலாம், நீங்களாவது அவர்களில் ஒருவராக இருங்கள்.

இரண்டாவது, அரிச்சல்முனையிலிருந்து இலங்கை தெரியாது. மண்ணில் நிற்கும் மனிதரின் கண்ணுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. மன்னார்த் தீவின் கரையோ இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. வாகன ஓட்டிகள் கை நீட்டிக் காட்டுவார்கள், நாமும் தெரிவதுபோல் தலையாட்டிவிட்டு வருவோம். உண்மையில் அந்தத் தலையாட்டலை எழுதினால் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து.

வரலாற்றை எங்கே வைப்பது என்பதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லோரும் புயலை முதல் பத்தியிலேயே கொட்டிவிடுகிறார்கள். ஊரில் கால் வைக்காத வாசகருக்கு அது வெறும் தகவல். இடிந்த தேவாலயத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அது பவளப்பாறைக் கற்களால் கட்டியது, விரல் வைத்தால் துளைத்துளையாகத் தட்டுப்படும். அந்தச் சுவரில் கை வைத்து நிற்கும்போது 1964ஐச் சொல்லுங்கள். பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்துபோகும் இடத்தில், அதே புயலில் சிதைந்த பழைய பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்தார்கள் என்பதைச் சொல்லலாம். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் முன்னின்று அமைத்தவர் அவர்தான். ஒரு பொருளைக் கண்ணெதிரே நிறுத்திவிட்டு ஆண்டைச் சொன்னால் ஆண்டு மறக்காது.

நாட்டுப்படகு எழுதியது:

நான் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவன். மேலே இருவரும் சொன்னதில் பெரும்பகுதி சரி என்றாலும், உப்பளத்துக்காரி அக்கா சொன்னபடி ஒரு காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் அது வியப்புச் செய்தியாகக் குறுகிவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. வருகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் ஊரை “பேய் நகரம்” என்றுதான் எழுதுகிறார்கள். புயலுக்குப் பிறகு குடியிருக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த இடம்தான், ஆனாலும் அங்கே ஓலைக் குடிசை போட்டு, கரைவலை இழுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த மூதாட்டி பேயில்லையே, ஐயா. அவர் ஏன் அங்கே இருக்கிறார், தண்ணீர் எடுக்க யாரிடம் கற்றார் என்பதும் சேர்ந்தால்தான் அது அவருடைய கதையாகவும் ஆகும்.

தண்ணீரின் சூட்சுமத்தையும் சொல்லிவிடுகிறேன். மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் ஏடுபோல் மிதந்து நிற்கிறது. மேலாகத் தோண்டினால் நல்ல தண்ணீர். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு. நீங்கள் வந்தது தை மாதம், ஐப்பசி கார்த்திகை மழை இறங்கி ஊற்று நிறைந்திருக்கும் காலம். ஆடியில் வந்திருந்தால் அவர் தோண்டும் இடமே வேறாக இருந்திருக்கும்.

எங்கள் சொற்களையும் கொஞ்சம் கேட்டு எழுதுங்கள். வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வோம். ஆனால் வாடைக் காற்று வீசும் மாதங்களில் பெண்கடல்தான் சீறும், ஆண்கடல் குளம்போல் கிடக்கும். “இயற்கை எழில் கொஞ்சும்” என்பதை எந்த ஊருக்கும் ஒட்டலாம். இதை வேறெங்கும் ஒட்ட முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபிறகு கூட்டம் பெருகிவிட்டது. குடிசைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்காமலே படமெடுக்கிறார்கள். அந்த அம்மாளின் படம் உங்களிடம் இருந்தால், அவர் சம்மதித்திருந்தால் மட்டும் போடுங்கள். பெயரை எழுத வேண்டியதில்லை.

வைப்பாற்றங்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. படம் இருந்தது, சம்மதம் கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது, ஆகையால் அதைப் போடவில்லை. திருத்தி எழுதிய தொடக்கம் இது.

“‘இதுக்கு மேல தோண்டுனா கரிச்சுப்போகும்’ என்று சொல்லி அந்த அம்மாள் கையை நிறுத்தினார். குழி அவருடைய முழங்கை அளவுகூட இல்லை. எங்களுக்கு இருபுறமும் கடல் இரைந்துகொண்டிருந்தது. அடிமணல் மெல்லக் கறுத்தது, பிறகு பளபளத்தது, பிறகு ஒரு கை நீர் தேங்கியது. கலங்கலாக இருந்த முதல் நீரை அள்ளி வீசிவிட்டு, மறுபடி ஊறும் வரை காத்திருக்கச் சொன்னார். எங்களிடம் விலைக்கு வாங்கிய தண்ணீர்ப் புட்டி பையில் இருந்தது. அதை வெளியே எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. இதைக் குடிக்கப் பயமாகவும் இருந்தது. என் மனைவி முதலில் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், வீட்டில் நான் குழாய்த் தண்ணீரைக் குறை சொல்லும் நாள்கள் அத்தனையும் இருந்தன. மனித வாழ்வில் இயற்கை கற்பிக்கும் பாடங்கள்தாம் எத்தனை!”

உப்பளத்துக்காரி எழுதியது:

ஐயா, புட்டியை எடுக்க வெட்கப்பட்டேன் என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் நான் உங்களோடு அந்த மணலில் உட்கார்ந்துவிட்டேன். கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், அம்மாவின் பார்வையோடு பத்தி நிற்கட்டும். அடுத்த பத்தியில், காத்திருந்தபோது அந்த மூதாட்டி என்ன பேசினார் என்பதைத் தொடங்கலாம். நாட்டுப்படகு கேட்டதற்கும் அங்கே விடை வந்துவிடும்.

வைப்பாற்றங்கரை எழுதியது:

எடுத்துவிட்டேன். நேற்றிரவு மகளுக்கு இதை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பாதியில், “அந்தப் பாட்டி தண்ணிய எதுலப்பா மொண்டு கொடுத்தாங்க?” என்று கேட்டாள். நான் குவளை என்றேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, “சிரட்டை” என்றார். சேர்த்துக்கொண்டேன்.