‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் நம் ‘காசு’தானா? அச்சுக்குப் போகும் முன் உதவி தேவை

நூலகப் பொறுப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளித் தமிழ் மன்றத்துக்காக ‘ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள்’ என்ற தலைப்பில் ஒரு பெரிய பலகை தயாராகிறது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் மூன்றிலும் எந்தச் சிக்கலும் இல்லை. நான்காவதாக மாணவர்கள் ‘காசு – கேஷ்’ என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். சரிபார்க்க உட்கார்ந்தால் ஓர் ஆங்கில அகராதி, பெட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்கிறது. இன்னொன்று, தமிழ்க் ‘காசு’ என்றே போட்டிருக்கிறது. இணையத்தில் இரு தரப்பும் அடித்துச் சொல்கிறார்கள். பிள்ளைகள் ஆசையாகத் தேடிக் கொண்டுவந்ததை எடுத்துவிட மனம் வரவில்லை. தவறானதைச் சுவரில் மாட்டவும் முடியாது. வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சொல்வேர்:
இரண்டு அகராதிகளும் சரி. அவை பேசுவது இரண்டு வேறு சொற்களைப் பற்றி. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு ‘கேஷ்’ உண்டு. பெரிய அகராதிகளில் தனித்தனிப் பதிவாகவே இருக்கும்; சிறிய அகராதிகள் இடம் கருதி ஒன்றை விட்டுவிடும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்று கடையில், வங்கியில் புழங்குகிற ‘கேஷ்’ பிரெஞ்சு ‘கேஸ்’, இத்தாலிய ‘கஸ்ஸா’ வழியாக வந்தது. இவற்றுக்கெல்லாம் மூலம் லத்தீன் ‘காப்சா’, பொருள், பெட்டி. மூக்குக் கண்ணாடி வைக்கும் கேஸும், மருந்து அடைத்த கேப்ஸ்யூலும் அதே வேரில் பிறந்தவை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘கேஷ்’ என்றால் பணம் வைக்கும் பெட்டி. பிறகு அதற்குள் இருக்கும் பணத்தையும் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் பெட்டி என்ற பொருள் வழக்கொழிந்து, பணம் மட்டும் நின்றது.

இரண்டாவது ‘கேஷ்’, இந்தியா முதல் சீனா வரை புழங்கிய சிறு மதிப்பு நாணயத்தின் பெயர். இது நம் ‘காசு’. போர்ச்சுகீசியர் ‘கைஷா’ என்று சொன்னார்கள், அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ சொற்களஞ்சியத்தில் இந்த வழி பதிவாகியிருக்கிறது. பர்னெல் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர், தென்னிந்திய மொழிகளை நன்கு கற்றவர்.

தென்றல்வாசி:
பெட்டி எப்படிப் பணமாக மாறும்? இது சுற்றி வளைத்துச் சொல்வதாகத் தெரிகிறது. காசு, கேஷ் என்று நேராகவே கேட்கிறதே!

கடைக் கணக்கர்:
தம்பி, மளிகைக் கடையில் ‘இன்றைக்குக் கல்லா எவ்வளவு?’ என்று கேட்டால் மரப்பெட்டியின் நீள அகலத்தையா சொல்வார்கள்? வசூலைத்தான் சொல்வார்கள். கல்லா என்பது பெட்டியும்தான், அதற்குள் சேர்ந்த பணமும்தான். அதே வழியில் போனதுதான் ஆங்கிலச் சொல்லும்.

சொல்வேர்:
கணக்கர் ஐயா சொன்னது மிகச் சரி. தென்றல்வாசி, இன்னொன்றையும் பாருங்கள். பிரெஞ்சில் ‘கேஸ்’, இத்தாலியத்தில் ‘கஸ்ஸா’, ஜெர்மனில் ‘காசெ’, ஸ்பானியத்தில் ‘காஹா’: கடையில் பணம் செலுத்தும் இடத்துக்கு இன்றும் இவைதான் பெயர். நம் கரைக்குப் போர்ச்சுகீசியக் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே லத்தீனில் வேர் இருக்கிறது. அது காசிலிருந்து போயிருக்க வழியே இல்லை.

காலத்தை மட்டும் வைத்து வாதாடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலப் பதிவுகளில் இரண்டு ‘கேஷ்’களும் ஏறத்தாழ 1590களிலேயே தலைகாட்டுகின்றன. ஆகவே எது முந்தியது என்று பார்த்துப் பயனில்லை; எந்தப் பொருளில் வந்தது என்று பார்க்க வேண்டும். போர்ச்சுகீசிய மொழியில் ‘கைஷா’ என்றால் பெட்டி என்றும் பொருள். நம் காசைக் கேட்டவர்கள், தங்களிடம் ஏற்கெனவே இருந்த சொல்லின் வடிவத்தில் அதைப் பொருத்திக்கொண்டார்கள். இரண்டு ஆறுகள் ஒரே கழிமுகத்தில் வந்து விழுந்த கதை இது.

பழங்காசு:
நாணயம் சேர்ப்பவன் என்ற முறையில் சான்று தருகிறேன். சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி கணக்கு எழுதிய முறை: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் வெள்ளி ரூபாய் அளவுகோலாகும் வரை இதுதான். ஆங்கிலக் கணக்கேடுகளில் இவை ‘கேஷ்’, ‘ஃபனம்’, ‘பகோடா’ என்று இருக்கும். ஃபனமும் நம் ‘பணம்’தான்.

என்னிடம் 1808ஆம் ஆண்டுச் செப்புக் காசு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், இருபுறமும் சிங்கங்கள், கீழே ஆண்டு. மறுபக்கம் பாரசீக எழுத்து. அதன் அடியில் ரோமன் எண்ணில் பத்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘கேஷ்’. சென்னையின் புழக்கத்துக்காக இங்கிலாந்தில் அடிக்கப்பட்ட காசு. இதே வகைக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றை வெளியே எடுத்தார்கள். அதனால்தான் என்னைப் போன்றவர்களுக்கும் கிடைக்கிறது. பலகைக்குப் படம் வேண்டுமானால் தருகிறேன்.

திருவிதாங்கூரிலும் 16 காசு ஒரு சக்கரம் என்று கணக்கு இருந்தது. தரங்கம்பாடியில் டேனியர்கள் ‘காஸ்’ என்ற பெயரிலேயே நாணயம் அடித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சீனத்துக் கதை. நடுவில் சதுரத் துளையிட்ட செப்புக் காசுகளைச் சரம் சரமாகக் கோத்து வைப்பார்களே, அவற்றை ஆங்கில நூல்கள் இன்றும் ‘கேஷ்’ என்றே அழைக்கின்றன. சீனர்கள் அப்படிச் சொல்வதில்லை, அவர்களுக்குத் தங்கள் சொல் இருக்கிறது. நம் கரையில் பழகிய பெயரை ஐரோப்பிய வணிகர்கள்தான் அங்கே கொண்டுபோய் ஒட்டினார்கள். பிள்ளைகள் பெருமைப்பட வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

தமிழாசிரியை:
தமிழில் ‘காசு’ எவ்வளவு பழையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறுந்தொகை 67ஆம் பாடலில், கிளியின் அலகில் இருக்கும் வேப்பம்பழத்துக்குப் பொற்கொல்லர் நக நுனியில் பிடித்திருக்கும் பொற்காசு உவமை. அங்கே காசு என்பது நூலில் கோக்கும் அணி உறுப்பு. காசுமாலை என்று இன்றும் சொல்கிறோம். ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பலிசை, அதாவது வட்டி, என்று கணக்கே வந்துவிடுகிறது. காசுக்கும் ‘கர்ஷம்’ என்ற வடமொழி எடைப்பெயருக்கும் உறவு காட்டுவாரும் உண்டு. பலகைக்கு அந்த விவாதம் தேவையில்லை.

நூலகப் பொறுப்பாளர்:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. படம் அவசியம் வேண்டும், பழங்காசு ஐயா. இரண்டு ‘கேஷ்’களையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வேறுபடுத்த எளிய வழி ஏதாவது இருக்கிறதா? கேஷியர், கேஷ்யூ இரண்டும் காசிலிருந்து வந்தவையா என்றும் கேட்கிறார்கள்.

சொல்வேர்:
முன்னால் எண் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ‘பத்து கேஷ்’, ‘எண்பது கேஷ்’ என்று எண்ணினால் அது நாணயம், நம் காசு. பெட்டியிலிருந்து வந்த ‘கேஷ்’ நல்ல ஆங்கிலத்தில் எண்ணோடு சேராது. ‘ரொக்கம்’ என்ற சொல்லை நாம் ஆள்வது போலத்தான். பத்து ரொக்கம் என்று யாரும் சொல்வதில்லையே.

கேஷியர் பெட்டிக் குடும்பம். ‘காசாளர்’ என்ற நம் சொல் அதற்கு ஒலியிலும் பொருத்தமாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். கேஷ்யூ எனப்படும் முந்திரி பிரேசிலின் டூபி மொழிப் பெயர், போர்ச்சுகீசியர் வழி வந்தது, காசோடு தொடர்பில்லை.

பலகையில் இப்படிப் போடலாம்: ‘காசு: தென்னிந்தியச் சிறு நாணயம். போர்ச்சுகீசியர் வழியே ஆங்கிலத்தில் கேஷ் ஆனது. சீனச் செப்பு நாணயத்துக்கும் அதே பெயர் பரவியது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ் வேறு சொல். அது லத்தீன் வழி வந்தது.’

நூலகப் பொறுப்பாளர்:
இதையே எடுத்துக்கொள்கிறேன். கட்டுமரத்துக்குக் கீழே இடம் போதவில்லை, எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கச் சொல்லியிருக்கிறேன். காசின் இரு பக்கமும் தெரியும்படி படம் அனுப்புங்கள், ஐயா. வியாழன் மாலைக்குள் கிடைத்தால் போதும்.